நீலகிரி உச்சிக் கற்குவைகள் யாருடையவை? தோடரின் முன்னோர் கட்டியவை என்கிறேன், மறுப்பவர்கள் வாருங்கள்

மலைக்காத்து:
எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் நீலகிரிப் பானைகளைப் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் ஒல்லியான சாடிகள். மூடியின் மேல் எருமை, யானை, மயில், குதிரைக்காரன் என்று சுடுமண் உருவங்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் இப்படி ஒரு பானைக் கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

இவை கிடைத்தது மலையுச்சிகளில் இருந்த ஈமச்சின்னங்களில். காரை இல்லாமல் கல்லடுக்கி எழுப்பிய வட்டச் சுவர், நடுவே குழி, அதில் எரிந்த எலும்பும் கரியும், கூடவே இரும்பு ஆயுதம், வெண்கலக் கிண்ணம், பாசிமணி, சில இடங்களில் தங்கம். 1847-இல் காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். அப்புறம் நீலகிரியின் முதல் கமிஷனர் ப்ரீக்ஸ் பல குவைகளைத் திறந்தார். அவர் 1872-இல் இறந்துபோக, எழுதி வைத்ததை மனைவி 1873-இல் நூலாகக் கொண்டுவந்தார். இன்றைக்கு நாம் பேசுவதில் பாதிக்கு மேல் அந்த நூலிலிருந்து வருவதுதான்.

சரி, யார் கட்டியது? 'வெளியிலிருந்து வந்த யாரோ' என்று இந்த அரங்கிலேயே பலமுறை படித்துவிட்டேன். எனக்கு அது ஒப்பவில்லை. மலைமேல் எருமை மேய்த்து வாழும் தோடரின் முன்னோர் என்று நினைக்கிறேன். காரணங்கள்:

மூடி உருவங்களில் எருமை திரும்பத் திரும்ப வருகிறது. சிலவற்றின் கழுத்தில் மணி. தோடர் சாவுச் சடங்கில் எருமையைக் கொல்வதற்கு முன் அதன் கழுத்தில் மணி கட்டுவார்கள். தோடரும் பிணத்தை எரிப்பவர்கள்தான், புதைப்பவர்கள் அல்லர். எரித்துச் சில காலம் கழித்து நடக்கும் இரண்டாம் சாவுச் சடங்கின் முடிவில் சாம்பலைப் புதைக்கும் இடத்துக்கு அஸாரம் என்று பெயர். அது என்ன வடிவம் தெரியுமா? கல்வட்டம். 1901-02-இல் நேரில் தங்கிப் பார்த்த மானிடவியலாளர் ரிவர்ஸ் இதைத் துல்லியமாக விவரித்திருக்கிறார். சாம்பலுக்கு மேல் கல்லை வைத்து, மணியடித்து, புதுப்பானை ஒன்றை அந்தக் கல்லின் மேல் போட்டு உடைப்பார்கள். கல்வட்டம், சாம்பல், மணி, பானை, எருமை. இத்தனையும் ஒரே மலையில் தற்செயலாக ஒத்துப்போகுமா?

கரிசல்காடு:
தம்பி, ஒத்துப்போவதை மட்டும் பொறுக்கியிருக்கிறீர்கள். ஒத்துப்போகாததையும் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

குவைகளில் கருக்கரிவாள் கிடைத்தது. தோடர் உழுது விதைத்தவர்கள் இல்லை, அரிவாளை வைத்து எதை அறுத்தார்கள்? ஈட்டிமுனை, அம்புமுனை, குத்துவாள் கிடைத்தன. தோடர் ஆயுதம் ஏந்தாத மக்கள் என்று பார்த்தவர் அத்தனை பேரும் எழுதியிருக்கிறார்கள். குதிரையும் குதிரைவீரனும் மூடிமேல் இருக்கிறார்கள், தோடர் வாழ்வில் குதிரைக்கு இடமே கிடையாது. இத்தனை பானைகள் இருக்கின்றனவே, தோடர் பானை வனைவதுண்டா? அதே மலையில் கைவினை செய்யும் கோத்தரிடம் வாங்கினார்கள். உருவம் செய்யும் வழக்கமும் அவர்களிடம் இல்லை. தோடர் கோயிலில் சிலை பார்த்திருக்கிறீர்களா?

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு உச்சியாகத் தோண்டிக்கொண்டிருந்தபோது தோடர்கள் பெரிய எதிர்ப்பு காட்டவில்லை. தங்கள் அஸாரத்தில் கை வைத்திருந்தால் விட்டிருப்பார்களா? பாட்டன் கல்லறையை எவனோ கடப்பாரையால் நெம்பும்போது சும்மா நிற்பவன் உண்டா?

மலைக்காத்து:
அண்ணே, கடைசிக் கேள்வியிலிருந்தே வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் துருப்புச்சீட்டாக இறக்குகிறார்கள்.

மறந்துபோனதால் முன்னோர் இல்லை என்றாகிவிடுமா? நம் சமவெளியைப் பாருங்கள். முதுமக்கள் தாழியைப் பற்றி நம் ஊர்ப் பெரியவர்கள் என்ன கதை சொல்வார்கள்? அந்தக் காலத்தில் கிழவர்களுக்குச் சாவே வராதாம். வயசாக ஆகச் சுருங்கிச் சுருங்கிக் குழந்தை அளவுக்கு ஆகிவிடுவார்களாம். அவர்களைச் சோறு தண்ணீரோடு தாழிக்குள் உட்காரவைத்து விளக்கேற்றி வைத்துவிடுவார்களாம். தாழியில் புதைத்தவர்களின் பேரப்பிள்ளைகளே இப்படித்தான் மறந்திருக்கிறார்கள். கல்திட்டையைக் கண்டால் 'பாண்டவர் வீடு', 'குள்ளர் வீடு' என்கிறார்கள். அதனால் அவற்றைக் கட்டியது தமிழர் இல்லை என்று சொல்வீர்களா?

ஆயுதம் பற்றி. தோடர் ஆண் இறந்தால் சிதையில் சின்னதாக ஒரு வில்லும் அம்பும் வைப்பார்கள். கர்ப்பிணிக்கு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கில்தான் பிறக்கப்போகும் பிள்ளைக்கு யார் அப்பன் என்பதே முடிவாகிறது. வேட்டையாடாத, சண்டை போடாத மக்களுக்கு வில் எதற்கு? ஒரு காலத்தில் கையில் இருந்தது, இப்போது சடங்கில் மட்டும் தங்கியிருக்கிறது. வேறு விளக்கம் இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

எழும்பூர்வாசி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேருமே 'குவைகளில் கிடைத்தது' என்று ஒரே மூச்சில் சொல்கிறீர்களே, எந்தக் குவையில்?

இது குதர்க்கம் இல்லை. நீலகிரி உச்சிகளில் குறைந்தது மூன்று நான்கு வகைச் சின்னங்கள் இருக்கின்றன. கிணற்றுக்குச் சுவர் எழுப்பியது மாதிரி தரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் வட்டச் சுவர் ஒரு வகை. வெறும் கற்குவியல் ஒன்று. மண்மேட்டைச் சுற்றிய கல்வட்டம் ஒன்று. மூன்று பக்கமும் பலகைக்கல் நிறுத்தி மேலே மூடிய கல்திட்டை ஒன்று. மேலூர், சோலூர் பக்கத்துக் கல்திட்டைகளில் செதுக்குச் சிற்பம் இருக்கிறது. வில்லேந்திய வீரன், கூடவே நிற்கும் பெண், மேலே சூரிய சந்திரன் என்று அது நடுகல் மரபு. வட்டச் சுவர்களைவிடப் பல நூற்றாண்டு பிந்தியது. இதை எல்லாம் ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கிவிட்டு 'யார் கட்டியது' என்று கேட்டால் என்ன பதில் வரும்?

இன்னொரு கஷ்டம், தோண்டிய விதம். அந்தக் காலத்தில் பொருள்தான் குறி. எந்த ஆழத்தில், எந்தப் பானைக்குப் பக்கத்தில் எந்த இரும்பு கிடந்தது என்ற பதிவு பெரும்பாலும் இல்லை. ப்ரீக்ஸ் மற்றவர்களைவிட ஒழுங்கானவர், இடத்தையாவது குறித்து வைத்தார். அவருக்கு முன்னும் பின்னும் புதையல் தேடித் தோண்டியவர்கள் குழியை மூடக்கூட இல்லை. அரிவாள் கிடந்த குழியில்தான் மணி கட்டிய எருமையும் இருந்ததா? அது தெரியாமல் அரிவாளை வைத்துத் தோடரைத் தள்ளுவதும் எருமையை வைத்துச் சேர்ப்பதும் ஒன்றுதான்.

கரிசல்காடு:
நல்ல கேள்விதான் அம்மா, ஆனால் அதை வைத்து எல்லாவற்றையும் 'தெரியாது' என்று மூட்டை கட்டிவிட முடியாது. பதிவே தேவைப்படாத சாட்சி ஒன்று இருக்கிறது. வெண்கலக் கிண்ணங்கள்.

நீலகிரிக் கிண்ணங்களை உலோகவியலாளர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்திருக்கிறார். சிலவற்றில் வெள்ளீயம் 20 சதவீதத்துக்கும் மேல். சாதாரண வெண்கலத்தில் இதில் பாதிகூட இருக்காது. வெள்ளீயம் இவ்வளவு ஏறினால் உலோகம் கண்ணாடி மாதிரி நொறுங்கும். பழுக்கக் காய்ச்சி அடித்து, சரியான சூட்டில் சட்டென்று தண்ணீரில் முக்கி எடுத்தால்தான் தாங்கும். ஆதிச்சநல்லூரிலும் இதே ரகம் கிடைத்திருக்கிறது. கேரளத்தில் இந்த வேலை நம் காலம் வரை நடந்தது. இது கொல்லன் பட்டறையும் வாங்குகிற செல்வாக்கும் சேர்ந்த இடத்துச் சரக்கு. மலைமேல் எருமை மேய்க்கிறவர் செய்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தென்னிந்தியாவில் வெள்ளீயத்துக்குப் பெரிய சுரங்கமே கிடையாது, எங்கிருந்தோ கப்பலில் அல்லது வண்டியில் வந்திருக்க வேண்டும்.

மலையைச் சுற்றி என்ன இருந்தது என்று பாருங்கள். தெற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகும் பெருவழி. அதன் கிழக்கு முனையில் நொய்யல் கரையில் கொடுமணல், இரும்பும் கல்மணியும் செய்த ஊர். கோவை வட்டாரம் முழுக்க ரோமானியக் காசு. வடக்கே புன்னாடு, பச்சைக்கல் கிடைக்கும் இடம் என்று பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் தாலமி குறித்த நாடு. இந்த ஆட்டத்தில் நீலகிரி ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்காது. மலைப்பாதையைக் காவல் காத்த, சுங்கம் வாங்கிய ஒரு வீரர் கூட்டம் மேலே இருந்திருக்கும். ஈட்டி அவர்களுடையது. குதிரையும் அவர்களுடையது. செத்தபோது உச்சியில் எரித்து, சேர்த்த சொத்தோடு புதைத்தார்கள். பிறகு கீழே இறங்கிப் போனார்கள், இல்லை அழிந்தார்கள். இதில் தோடரை ஏன் இழுக்க வேண்டும்?

மலைக்காத்து:
சமவெளிக் கூட்டம் என்றால் சமவெளிப் பானை எங்கே அண்ணே? கொடுமணலிலும் கொங்கு முழுவதும் ஈமக்குழியைத் தொட்டால் கருப்பு சிவப்புப் பானை கொட்டும். நீலகிரிக் குவைகளின் பானை வேறு களிமண், வேறு வடிவம், வேறு ரசனை. வீரர் கூட்டம் ஈட்டியைக் கொண்டுவந்தது, கிண்ணத்தைக் கொண்டுவந்தது, பானை செய்யும் கையை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததா? கிண்ணத்தை வாங்கலாம், தங்கத்தை வாங்கலாம். சாவுக்கு வைக்கும் மண்பானைதான் உள்ளூர் அடையாளம்.

மலைக்காரனிடம் செல்வம் வராது என்பது சமவெளிக்காரரின் நினைப்பு. நெய், தேன், தந்தம், சந்தனம் எல்லாம் எங்கிருந்து இறங்கின? நெய்க்கு ஒரு வெண்கலக் கிண்ணம் ஏறி வந்திருக்கக் கூடாதா?

செந்தமிழ்ச்செல்வன்:
என்ன ஆராய்ச்சி இது. சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியிற் கவிப்போர் என்று மணிமேகலையிலேயே ஐந்து முறையும் சொல்லியாயிற்று. எல்லாம் தமிழர் செய்ததுதான். தோடரும் தமிழர்தான். விவாதம் முடிந்தது.

கரிசல்காடு:
அந்த அடிகள் புகாரின் சுடுகாட்டைப் பற்றி வருபவை. ஒரே ஊரில் ஐந்து விதமாக ஈமம் செய்தார்கள் என்பதற்குச் சாட்சி. நீலகிரி உச்சியில் யார் எரிந்தார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை.

கோத்தகிரிக்காரி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் படகர் வீட்டுப் பெண். எங்கள் முன்னோர் மைசூர்ப் பக்கத்திலிருந்து மலைக்கு வந்தவர்கள் என்பது எங்கள் கதைகளிலேயே இருக்கிறது, அதனால் இந்தச் சொத்துத் தகராறில் எனக்குப் பங்கு இல்லை. நிம்மதியாகப் பேசலாம்.

மலைக்காத்து அண்ணா தோடர் தோடர் என்கிறார். கரிசல்காடு ஐயா சமவெளி வீரர் என்கிறார். மலையில் கோத்தர் என்று ஒரு சனம் இருப்பதே இருவருக்கும் பானை வாங்கும்போது மட்டும்தான் நினைவு வருகிறது. பானை செய்வது யார்? கோத்தர் வீட்டுப் பெண்கள். இரும்பு அடிப்பது யார்? கோத்தர் ஆண்கள். அரிவாளும் கத்தியும் எங்களுக்கெல்லாம் அவர்கள்தான் தந்தார்கள். விவசாயமும் உண்டு, அரிவாளுக்கு வேலை இருந்தது. அவர்களும் பிணத்தை எரிப்பவர்கள், அவர்களுக்கும் இரண்டாம் சாவுச் சடங்கு உண்டு, அதில் எருமையைப் பலி கொடுக்கும் வழக்கமும் இருந்தது. ஐயா தோடருக்கு எதிராக வைத்த பட்டியலை மறுபடி படியுங்கள். குதிரை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கோத்தர் வாசலில் போய் நிற்கிறது.

கோத்தர்தான் கட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஏன் அவர்களை யாரும் கேட்கவில்லை என்றுதான் கேட்கிறேன். எனக்குத் தெரிந்த பதில் இது: 19-ஆம் நூற்றாண்டில் மேலே வந்த வெள்ளைக்காரர்களுக்குத் தோடர் மேல் ஒரு மோகம். உயரம், தாடி, போர்வை, எடுப்பான மூக்கு. காங்கிரீவ் அவர்களைச் நடு ஆசியச் சிதியர் வழிவந்தவர்கள் என்றே எழுதினார். இன்னும் சிலர் இஸ்ரவேலின் காணாமல்போன கோத்திரம் என்றார்கள். இப்படிப்பட்டவர்கள் கண்ணில் புகைபடிந்த கொல்லனும் குயவச்சியும் ஒரு புராதன நாகரிகத்தின் வாரிசாகத் தெரிவார்களா? 'தோடரா, இல்லையா' என்ற கேள்வியே அங்கிருந்து வந்தது. நாம் இன்னும் அதே கேள்வியை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறோம்.

எழும்பூர்வாசி:
இதற்காகத்தான் இந்த இழையில் உட்கார்ந்திருந்தேன்! கோத்தகிரிக்காரி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தோடர், கோத்தர், படகர், குறும்பர் என்று ஆளுக்கொரு தொழில், பண்டமாற்று, வெளியுலகத் தொடர்பே இல்லாத தனித்தீவு மலை என்ற படமே சந்தேகத்துக்கு உரியது. ஆலன் ஸகாரெல் என்ற தொல்லியலாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மலை எப்போதும் கீழ்நாட்டு அரசியலோடு பின்னிக் கிடந்தது என்பது அவர் கட்சி.

கல்வெட்டுச் சாட்சியும் உண்டு. சாமராஜநகரில் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனின் தளபதி புணிசன் வைத்தது. தோடரை அச்சுறுத்தினான், கொங்கரை ஓட்டினான், நீலமலையைப் பிடித்தான் என்று அவன் பெருமையைப் பாடுகிறது. தோடர் பெயர் வரும் மிகப் பழைய எழுத்துச் சான்று அதுதான். எருமை மேய்த்துக்கொண்டு சிவனே என்று இருந்தவர்களை அச்சுறுத்தினேன் என்று ஒரு தளபதி கல்லில் வெட்டிப் பெருமைப்படுவானா? கொங்கரோடு ஒரே வரிசையில் வைக்கும் அளவுக்கு அவர்களிடம் ஏதோ இருந்திருக்கிறது.

மலைக்காத்து:
ஆயுதம் ஏந்தாத மக்கள் என்றீர்களே கரிசல்காடு அண்ணே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்? 😀

கரிசல்காடு:
சிரிக்க வேண்டாம். மெய்க்கீர்த்தி பாடுகிறவன் ஆட்டிடையனை மிரட்டியதையும் அசுர வதம் ஆக்குவான். அதை விடுங்கள். 1117-இல் தோடர் மலையில் இருந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். குவைகளின் காலம் கிறிஸ்து பிறப்பை ஒட்டிய நூற்றாண்டுகள் என்று வைத்தால் நடுவில் ஆயிரம் ஆண்டு. ஆயிரம் ஆண்டில் ஒரு மலைக்கு எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள்?

தோடர் மொழி தமிழிலிருந்து வெகு காலம் முன்பே பிரிந்தது என்று மொழியியலாளர் எமனோ காட்டியதை அடுத்து எடுத்துக்கொண்டு வருவீர்கள். எப்போது பிரிந்தது என்று மொழி சொல்லும். பிரிந்தபோது எந்த மலையில் நின்றார்கள் என்று சொல்லாது.

கோத்தகிரி அம்மாவுக்கு: கோத்தரைச் சேர்த்தது நியாயமான வாதம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு முட்டு இருக்கிறது. இன்றைக்குக் கோத்தர் செய்யும் பானையில் அந்த அடுக்குச் சாடி எங்கே, உருவ மூடி எங்கே? புழங்குகிற சட்டி பானைதான் இருக்கிறது. கைவேலைத் தொடர்ச்சி இருந்தால் ஒரு வளைவாவது, ஒரு கோடாவது தங்கியிருக்க வேண்டாமா?

கோத்தகிரிக்காரி:
சாவுக்கென்று செய்த சாடி ஐயா அது. சாவுமுறை மாறினால் அதோடு போய்விடும். தாழி செய்த குயவர் பேரன் இன்று பொங்கல் பானை செய்கிறார், அதில் தாழியின் வளைவு தெரிகிறதா? முதுமக்கள் தாழி பற்றி மலைக்காத்து அண்ணா சொன்னது எனக்கும் உதவுகிறது பாருங்கள்.

உங்கள் வீரர் கூட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி. காவல் காத்தவர்கள், சுங்கம் வாங்கியவர்கள் என்றீர்கள். அவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? கல்லறை மட்டும் கட்டிவிட்டு மேகத்தில் வசித்தார்களா? இந்த உச்சிகளுக்குப் பக்கத்தில் கோட்டை, ஊர், சாம்பல்மேடு ஏதாவது காட்டுங்கள்.

கரிசல்காடு:
அது உங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான். தோடரோ கோத்தரோ, வாழ்ந்த இடத்தைக் காட்டுங்கள் நீங்களும். எல்லோரும் கல்லறையைத் தோண்டினார்கள், வீட்டைத் தேடியவர் குறைவு. ஓலையும் மரமுமாகக் கட்டிய வீடு மலை மழையில் என்ன மிச்சம் வைக்கும்? தேயிலைக்கும் யூக்கலிப்டசுக்கும் சரிவையெல்லாம் புரட்டிப் போட்டாயிற்று வேறு.

மலைக்காத்து:
புல்வெளியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன். எருமை மேய்ப்பவர்கள் காட்டை எரித்துப் புல்வெளி ஆக்கினார்கள், அதனால் மேய்ச்சல்காரர் அப்போதே இருந்தார்கள் என்று ஒரு வாதம் உண்டு. எனக்குச் சாதகமான வாதம்தான், ஆனால் நான் எடுக்க மாட்டேன். ஊட்டிக்குப் பக்கத்துச் சாண்டிநல்லாவில் சதுப்புப் படிவத்தை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு, நீலகிரியில் புல்வெளி 20,000 ஆண்டுகளாகவே இருக்கிறது, பருவநிலை மாறும்போது கூடிக் குறைந்து வந்திருக்கிறது என்று காட்டியது. மனிதர் ஆக்கிய புல்வெளி இல்லை. புல்வெளியைப் பார்த்து மேய்ச்சல்காரர் வந்தார்கள், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
பேச்சு போதும், தீர்த்து வைக்க வழி உண்டா என்று பார்க்கலாம். நான் வேதியியல் படித்தவன், தொல்லியல் தெரியாது. என் பங்குக்கு இரண்டு.

ஒன்று, எரிந்த எலும்பு. வெள்ளையாகும் வரை எரிந்த எலும்பைக் கார்பன் முறையில் காலம் கணிக்க முடியாது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். எலும்பின் கனிமப் பகுதியில் சிக்கியிருக்கும் கார்பனேட்டை வைத்துக் கணிக்கலாம் என்று 1990-களின் இறுதிக்குப் பிறகு வழி பிறந்தது. பழைய சேகரிப்பில் ஒரு பிடி எலும்புத்துண்டு இருந்தாலும் போதும். வட்டச் சுவர் எலும்பு ஒன்று, கல்வட்ட எலும்பு ஒன்று, இப்படி வகைக்குச் சிலவாகக் காலம் வந்தால் எழும்பூர்வாசி கேட்ட 'எந்தக் குவையில்' என்ற கேள்விக்கு ஓரளவு பதில் வரும். குவை கட்டும் வழக்கம் 1117-க்குப் பக்கம் வரை நீண்டது என்று தெரிந்தால் கரிசல்காடு சொல்லும் ஆயிரம் ஆண்டு இடைவெளி சுருங்கிவிடும்.

இரண்டு, பானைச் சுவருக்குள் ஊறிய கொழுப்பு. பால்கொழுப்பையும் இறைச்சிக் கொழுப்பையும் கார்பன் ஐசோடோப்பு விகிதத்தால் பிரிக்கலாம். சிந்துவெளிப் பகுதிப் பானைகளில் இதைச் செய்திருக்கிறார்கள். அடுக்குச் சாடியில் பால் ஊறியிருந்தால் மேய்ச்சல் மக்கள் பக்கம் தட்டு இறங்கும்.

எழும்பூர்வாசி:
பால் வந்தால் அது எருமையா பசுவா என்று தெரியுமா?

கணக்குப்பிள்ளை:
அந்த முறையில் தெரியாது. அசைபோடும் விலங்கின் பால் என்று மட்டும் சொல்லும். அருங்காட்சியகத்தில் எத்தனை பேர் கை பட்டு, கழுவி, பசை தடவி ஒட்டிய பானை என்பதையும் பார்க்க வேண்டும். ஒட்டுப்பசையிலேயே விலங்குக் கொழுப்பு இருக்கலாம். திறக்காத குவை ஒன்றிலிருந்து எடுப்பதுதான் சுத்தம்.

கோத்தகிரிக்காரி:
திறக்காத குவை என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். 1870-இல் கேட்காமல் தோண்டினார்கள். எதிர்க்கவில்லை என்பதை 150 ஆண்டு கழித்து இந்த இழையில் ஒருவர் சான்றாக வைக்கிறார். கமிஷனர் துரை துப்பாக்கியோடும் கூலியாட்களோடும் வந்து நிற்கும்போது ஒரு மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், இருந்த பத்துப் பேர் என்ன எதிர்ப்பு காட்டுவார்கள்? வாய் திறக்காததைச் சம்மதம் என்று எழுதி வைத்தது தோண்டியவரே. அந்த ஒரு சான்றை மட்டும் இந்த விவாதத்திலிருந்து எடுத்துவிடுங்கள் ஐயா, மற்றதைப் பேசலாம்.

கரிசல்காடு:
அதை எடுத்துவிட்டாலும் என் பக்கம் நிற்கும் அம்மா. குதிரை இருக்கிறது.

மலைக்காத்து:
யானையும்தான் இருக்கிறது அண்ணே. யானை வளர்த்தவர்கள் கட்டினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. புலி உருவமும் இருக்கிறது. பார்த்ததைச் செய்தார்கள். நீங்கள் சொன்ன பெருவழியில் குதிரை போயிருக்கும், மலைக்காரன் சந்தைக்கு இறங்கியபோது பார்த்திருப்பான். ஆனால் மணி கட்டிய எருமை வேறு. மணி கட்டுவதற்கு ஒரு கை வேண்டும், கட்டுகிற நாள் ஒன்று வேண்டும்.

கரிசல்காடு:
மாட்டுக்கு மணி கட்டாத ஊர் எது தம்பி? எங்கள் கரிசலில் ஆட்டுக்கும் கட்டுவார்கள். தோடரின் எருமைக்கு நீளமாக வளைந்து விரிந்த கொம்பு. மூடிமேல் இருக்கும் எருமைகளின் கொம்பு அப்படியா, சமவெளி எருமையைப் போலவா? யாராவது உருவங்களைப் பக்கத்தில் வைத்து அளந்திருந்தால் போடுங்கள். அது தோடர் எருமைதான் என்று கொம்பைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் என் வாதத்தில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். கத்தரியும் சவரக்கத்தியும் கிடைத்திருக்கின்றனவே, தாடி வைத்த மக்களின் கல்லறையில் அது எப்படி என்பதற்கு மீதிப் பாதியை வைத்துக்கொள்கிறேன்.

எழும்பூர்வாசி:
கொம்பு பாதிக்கு மேல் உடைந்துதான் இருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்த வரையில். முழுசாக இருப்பவை சிலவற்றையாவது அடுத்த முறை போகும்போது அனுமதி வாங்கிப் படம் எடுத்துப் போடுகிறேன். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பவற்றின் படங்கள் அவர்கள் தளத்திலேயே இருக்கின்றன, அங்கிருந்து தொடங்குங்கள். தாடிக்காரர் வீட்டில் சவரக்கத்தி ஏன் என்பதற்கு மலைக்காத்து பதில் சொல்லட்டும்.

மலைக்காத்து:
தோடர் தாடிதான் வைப்பார்கள், மொட்டையும் அடிப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தலை மழிப்பதை ரிவர்ஸே எழுதியிருக்கிறார். கத்தரி ஆட்டுமயிர் வெட்டவா, வேறு எதற்கா என்று யோசித்துவிட்டு நாளை வருகிறேன்.

கரிசல்காடு:
ஆடு வளர்க்காதவர்கள் தம்பி அவர்கள். நாளைக்கு வேறு பதிலோடு வாருங்கள்.